ஊட்டியில் 22.4 செல்லாது

பிளஸ் ஒன் கெமிஸ்ட்ரி முடிச்சு எத்தனை வருஷம் ஆனாலும் ஒரு எண் மட்டும் மண்டையில நிக்கும்: 22.4. ஒரு மோல் வாயு எவ்வளவு இடம் பிடிக்கும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் "22.4 லிட்டர் சார்" என்று சொல்லிவிடுவோம். எந்த வெப்பநிலையில், எந்த அழுத்தத்தில் என்று அடுத்த கேள்வி வந்தால்தான் முழிப்போம்.

பதில் புத்தகத்திலேயே இருக்கு: 0 டிகிரி செல்சியஸ், 1 வளிமண்டல அழுத்தம். இப்போ ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. சென்னையில் அழுத்தம் கிட்டத்தட்ட 1 வளிமண்டலம்தான், ஆனால் 0 டிகிரிக்கு வாய்ப்பே இல்லை. ஊட்டியில் உறைபனி இரவில் 0 டிகிரியைத் தொடும், ஆனால் அழுத்தம் 1 வளிமண்டலம் கிடையாது. இரண்டும் சேர்ந்து அமைகிற ஊர் தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. நாம மனப்பாடம் செஞ்ச 22.4, நம்ம ஊர் எதிலுமே உண்மையில்லை. கணக்கில் அந்த நிபந்தனை கொடுத்திருந்தால் மட்டும் உண்மை.

போதாக்குறைக்கு, 1982-ல் ஐயுபேக் அமைப்பு நியம அழுத்தத்தை 1 வளிமண்டலத்திலிருந்து 1 பார் என்று மாற்றிவிட்டது. அதன்படி அந்த எண் 22.7. இதுக்கும் நம்மில் பலர் இன்னும் மாறல.

இதை ஏன் இப்போ எழுதணும்? ஒரு காரணம், முதல் வருஷ கெமிஸ்ட்ரி பேப்பரில் எரிபொருளும் எரிதலும் வரும்போது 'வாயு நிலைமை' பாடம் திரும்ப வந்து நிக்கும். பல பள்ளிகளில் பிளஸ் ஒன் பாடத்தை வேகமா ஓட்டிட்டு நேரா பிளஸ் டூ-வுக்குத் தாவிவிடுவதால் நிறைய பேருக்கு அங்கே ஒரு ஓட்டை இருக்கு. இன்னொரு காரணத்தைக் கட்டுரையின் கடைசிக் கணக்கில் பார்ப்பீங்க. அது மார்க் சம்பந்தப்பட்டது இல்லை, உயிர் சம்பந்தப்பட்டது.

அதுக்காக மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரைக்கும் ஒரு மலைப்பயணம் போகலாம். வாயுக் கணக்கும் கரிம வேதியியல் கணக்கும் இந்தப் பாதையில் போதும் போதும்கிற அளவுக்கு இருக்கு.

முதல் கணக்கு: ஊட்டியின் அழுத்தம் எவ்வளவு?

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். குன்னூர் சுமார் 1,850 மீட்டர். மேட்டுப்பாளையம் 325 மீட்டரை ஒட்டி. உயரம் கூடக்கூட தலைக்கு மேலே இருக்கிற காற்றின் எடை குறையும், அதனால அழுத்தமும் குறையும். எவ்வளவு குறையும் என்பதற்கு பிவி = என்ஆர்டி-யே போதும்.

காற்றின் மோலார் நிறை 29 கிராம். சராசரி வெப்பநிலை 290 கெல்வின் என்று வைத்துக்கொள்வோம். ஆர்டி-யை மோலார் நிறையாலும் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் வகுத்தால் ஒரு நீளம் கிடைக்கும்:

8.314 × 290 ÷ (0.029 × 9.8) = சுமார் 8,500 மீட்டர்

இதன் பொருள், ஒவ்வொரு 8,500 மீட்டர் ஏறும்போதும் அழுத்தம் 2.718-ல் ஒரு பங்காகக் குறையும். ஊட்டிக்கு 2,240 ÷ 8,500 = 0.264. கால்குலேட்டரில் 2.718-ன் அடுக்காக மைனஸ் 0.264 போட்டால் 0.768. அதை 101.3 கிலோபாஸ்கலால் பெருக்கினால் 78 கிலோபாஸ்கல். இதே வழியில் குன்னூருக்கு 81.5, மேட்டுப்பாளையத்துக்கு 97.5.

ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டிக் கொதித்துவிடுவதும், குக்கர் இல்லாமல் பருப்பு வேக அதிக நேரம் ஆவதும் இந்த 78-னால்தான்.

இப்போ ஊட்டியின் '22.4' என்னன்னு பாக்கலாம். வெப்பநிலை 15 டிகிரி, அதாவது 288 கெல்வின்:

8.314 × 288 ÷ 78 = 30.7 லிட்டர்

(கிலோபாஸ்கலை லிட்டரால் பெருக்கினால் ஜூல் வரும். அதனால ஆர் மதிப்பை 8.314 என்றே போடலாம். வளிமண்டல அலகில் போடுகிறவர்கள் மட்டும் 0.0821-க்குப் போகணும்.)

22.4 எங்கே, 30.7 எங்கே! 37 சதவீத வித்தியாசம். இது கடைசி தசமத்தில் வருகிற சின்னப் பிழை இல்லை, மொத்த விடையையும் மாத்திடும். இந்த 30.7-ஐ ஒரு ஓரமா எழுதி வச்சுக்கோங்க, கட்டுரை முழுக்கத் தேவைப்படும்.

இரண்டாவது கணக்கு: உப்பிப்போன சிப்ஸ் பாக்கெட்

மேட்டுப்பாளையத்தில் 30 டிகிரி வெயிலில் வாங்கின சிப்ஸ் பாக்கெட் ஊட்டி போய்ச் சேரும்போது பலூன் மாதிரி இருக்கும். எல்லாரும் பார்த்ததுதான். எத்தனை சதவீதம் பெருசாகும்?

பெரும்பாலானவர்கள் பாயில் விதியை மட்டும் போடுவாங்க: 97.5 ÷ 78 = 1.25. 25 சதவீதம் கூடுது. பாயில் விதி வெப்பநிலை மாறாதபோதுதான் பொருந்தும். இங்கே வெப்பநிலை 303-லிருந்து 288 கெல்வினுக்கு இறங்கியிருக்கு. குளிர்ச்சி சுருக்கும்: 288 ÷ 303 = 0.95. இரண்டையும் பெருக்கினால் 1.19. ஆக 19 சதவீதம்தான்.

இன்னும் ஒரு நுணுக்கம் இருக்கு. பாக்கெட் தளர்வா இருக்கிற வரைக்கும்தான் இந்தக் கணக்கு. உறை முழுசா விறைச்ச பிறகு அதுக்கு மேல விரிய முடியாது. அப்புறம் கன அளவு நிலையாகி, உள்ளே அழுத்தம் வெளியைவிட அதிகமாக நிற்கும். விரல் வச்சு அமுக்கினா கல் மாதிரி இருப்பது அதனால்தான். ஒரே பாக்கெட்டில் இரண்டு வகைக் கணக்கு! எது மாறுது, எது மாறாம நிக்குதுன்னு முதல்ல முடிவு பண்ணாம எந்த விதியையும் கையில் எடுக்கக் கூடாது.

மூன்றாவது கணக்கு: தைலம் காய்ச்சுறது

ஊட்டிக்குப் போய்வருகிறவர்கள் தவறாமல் வாங்கிவருவது நீலகிரித் தைலம். ஆஸ்திரேலியாவிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் வந்த யூகலிப்டஸ் மரத்தின் இலையிலிருந்து எடுப்பது. கற்பூர மரம் என்றும் தைல மரம் என்றும் சொல்லுவாங்க. தைலத்தின் முக்கியச் சேர்மம் சினியோல். ஒரு மூலக்கூறில் 10 கார்பன், 18 ஹைட்ரஜன், 1 ஆக்ஸிஜன். மோலார் நிறை 154.

சினியோலின் கொதிநிலை சுமார் 176 டிகிரி. ஆனால் கொட்டகையில் இலையையும் தண்ணீரையும் போட்டு விறகு எரிச்சு, 100 டிகிரியைக்கூடத் தொடாமல் தைலத்தை வடிச்சு எடுக்கறாங்க. எப்படி?

டால்டன் விதி. தண்ணீரும் தைலமும் கலக்காதவை. அதனால ரெண்டும் ஒன்றையொன்று கண்டுக்காமல் தனித்தனியா ஆவியாகும். இரண்டின் ஆவி அழுத்தமும் சேர்ந்து வெளி அழுத்தத்தைத் தொட்டதும் கலவை கொதிக்கும். 90 டிகிரியில் தண்ணீரின் ஆவி அழுத்தம் சுமார் 70 கிலோபாஸ்கல், சினியோலின் ஆவி அழுத்தம் சுமார் 7. கூட்டினால் 77. ஊட்டியின் அழுத்தம் 78. ஆக, 90 டிகிரியைச் சற்றே தாண்டியதும் கொதி வந்துவிடும். தனியா இருந்தா தண்ணீருக்கே 93 வேணும்.

ஆவியில் எவ்வளவு தைலம் வரும்? பகுதி அழுத்தங்களின் விகிதம்தான் மோல் விகிதம்: 7-க்கு 70, அதாவது 1-க்கு 10. எடையா மாத்தினால் 1 × 154-க்கு 10 × 18, அதாவது 154-க்கு 180. பத்தில் ஒரு மோல்தான் தைலம், ஆனால் எடையில் கிட்டத்தட்ட பாதி! மூலக்கூறு கனமா இருப்பதன் பலன் இது.

உண்மையான கொட்டகையில் தண்ணீர் இதைவிட நிறைய வரும். எண்ணெய் தண்ணீரில் மிதந்துகொண்டு தயாராக இல்லை, இலையின் சுரப்பிகளுக்குள் இருக்கு, அங்கிருந்து வெளியே வரணும். நம்ம கணக்கு சொல்வது அதிகபட்ச அளவு. இந்த வித்தியாசத்தையும் விடைக்குக் கீழே ஒரு வரி எழுதிப் பழகினால் லேபிலும் வேலையிலும் உதவும்.

நான்காவது கணக்கு: அந்த 154 எப்படி வந்தது?

இப்போ 'கரிம வேதியியலின் அடிப்படைகள்' பாடத்துக்குள் போறோம். சினியோலின் வாய்ப்பாடு தெரியாது என்று வைத்துக்கொள்வோம். 0.154 கிராம் எடுத்து முழுசா எரிச்சால் 0.440 கிராம் கார்பன் டை ஆக்சைடும் 0.162 கிராம் தண்ணீரும் கிடைக்குது.

கார்பன்: 0.440 × 12 ÷ 44 = 0.120 கிராம்.
ஹைட்ரஜன்: 0.162 × 2 ÷ 18 = 0.018 கிராம்.
மிச்சம் ஆக்ஸிஜன்: 0.154 − 0.138 = 0.016 கிராம்.

அணு நிறையால் வகுத்தால் விகிதம் 10, 18, 1. எளிய விகித வாய்ப்பாடு கிடைச்சாச்சு. இந்த வேலையை ஊட்டியில் செஞ்சாலும் சென்னையில் செஞ்சாலும் விடை ஒன்றுதான். ஏன்னா எல்லாமே எடை, அழுத்தம் எங்கேயும் நுழையவில்லை.

அடுத்தது மூலக்கூறு வாய்ப்பாடு. உண்மையான மூலக்கூறு 154-ஆ, 308-ஆ என்று பார்க்கணும். விக்டர் மேயர் முறையில் அதே 0.154 கிராமை ஆவியாக்கி, அது வெளியே தள்ளுகிற காற்றைத் தண்ணீர் மேல் பிடிக்கிறோம். ஊட்டி லேபில், 15 டிகிரியில், 31.4 மில்லி லிட்டர் கிடைக்கும்.

இந்த ஒரே அளவீட்டை நாலு மாணவர்கள் நாலு விதமா போட்டால் என்ன ஆகும் பாருங்க:

முதலாமவர் 31.4-ஐ நேரா 22,400-ஆல் வகுக்கிறார். அவருக்கு வரும் மோலார் நிறை 110.

இரண்டாமவர் வெப்பநிலையை 288 என்று திருத்துகிறார், அழுத்தத்தை 101.3 என்றே விடுகிறார். விடை 116.

மூன்றாமவர் அழுத்தம் 78 என்று சரியாகப் போடுகிறார், ஆனால் தண்ணீர் மேல் பிடித்த காற்றில் நீராவியும் இருக்கு என்பதை விட்டுவிடுகிறார். விடை 151.

நான்காமவர் 15 டிகிரியில் நீராவி அழுத்தமான 1.7-ஐக் கழித்து 76.3 போடுகிறார்:

76.3 × 0.0314 ÷ (8.314 × 288) = 0.001 மோல். 0.154 ÷ 0.001 = 154.

கவனிங்க, 154-க்குப் பக்கத்தில் 110-ம் 116-ம் வெறும் தப்பான விடைகள் மட்டுமில்லை. எளிய விகித வாய்ப்பாட்டின் நிறை 154 என்று ஏற்கனவே எடைக் கணக்கில் தெரியும். மூலக்கூறு நிறை அதைவிடக் குறைவா இருக்கவே முடியாது! முதல் இரண்டு மாணவர்களும் விடையை எழுதிட்டு ஒரு முறை திரும்பிப் பார்த்திருந்தால் அங்கேயே பிடிபட்டிருக்கும்.

ஐந்தாவது கணக்கு: தேயிலைக்குள் அதே வாய்ப்பாடு

தைலக் கொட்டகையிலிருந்து தேயிலைத் தொழிற்சாலைக்குப் போவோம். நீலகிரித் தேநீரின் மணத்துக்குக் காரணமான சேர்மங்களில் லினலூல், ஜெரானியால் இரண்டும் உண்டு. இவற்றின் வாய்ப்பாடு? 10 கார்பன், 18 ஹைட்ரஜன், 1 ஆக்ஸிஜன். சினியோலுடையதேதான்! தைல வாசனைக்கும் தேநீர் வாசனைக்கும் துளிகூட சம்பந்தம் இல்லை, ஆனால் எரிச்சுப் பார்த்தால் மூன்றும் ஒரே எண்ணைத் தரும். இதுதான் மாற்றியம்.

எப்படிப் பிரிச்சறியறது? முதல்ல ஹைட்ரஜன் பற்றாக்குறையைக் கணக்கிடுங்க. 10 கார்பன் கொண்ட நிறைவுற்ற சங்கிலிக்கு 2 × 10 + 2 = 22 ஹைட்ரஜன் வேணும். இருப்பது 18, குறைவு 4. இரண்டு ஹைட்ரஜன் குறைந்தால் ஒரு இரட்டைப் பிணைப்பு அல்லது ஒரு வளையம். அப்போ இந்த வாய்ப்பாட்டில் அப்படி இரண்டு இருக்கணும். (ஆக்ஸிஜன் இந்தக் கணக்கில் சேராது.)

சினியோலில் அந்த இரண்டும் வளையங்கள், ஆக்ஸிஜன் ஈதராக நடுவில் மாட்டியிருக்கு. லினலூலிலும் ஜெரானியாலிலும் அந்த இரண்டும் இரட்டைப் பிணைப்புகள், ஆக்ஸிஜன் ஆல்கஹால் தொகுதியில். இப்போ புரோமின் கரைசல் சோதனை: ஜெரானியால் நிறத்தைப் போக்கும், சினியோல் போக்காது. சோடியம் போட்டால் ஜெரானியால் ஹைட்ரஜன் வாயுவைத் தரும், சினியோல் தராது.

எவ்வளவு தரும்? இரண்டு ஆல்கஹால் மூலக்கூறுக்கு ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறு. 1.54 கிராம் ஜெரானியால் 0.01 மோல், அதிலிருந்து 0.005 மோல் ஹைட்ரஜன். ஊட்டியில் உலர்ந்த நிலையில் 0.005 × 30.7 = 0.153 லிட்டர், அதாவது 153 மில்லி. 22.4-ஐப் போட்டிருந்தால் 112 மில்லிதான் எதிர்பார்த்திருப்போம், 153 வந்ததும் "ரெண்டு ஆல்கஹால் தொகுதி இருக்குமோ?" என்று குழம்பியிருப்போம்.

ஆறாவது கணக்கு: குயினைனில் எத்தனை நைட்ரஜன்?

இதே குழப்பம் வேறொரு மூலக்கூறில் இன்னும் தெளிவாத் தெரியும். மலேரியாவுக்கு மருந்து வேண்டும் என்பதற்காக 1860 முதல் நீலகிரியில் சிங்கோனா மரங்கள் நடப்பட்டன. தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அரசுத் தோட்டங்கள் உருவாயின, நடுவட்டத்தில் குயினைன் தொழிற்சாலையும் வந்தது. சிங்கோனாவில் பல இனங்கள் உண்டு, எல்லாப் பட்டையிலும் குயினைன் ஒரே அளவில் இருக்காது. எந்த மரத்தை நடுவது, எப்போது பட்டை உரிப்பது என்பதைப் பகுப்பாய்வுதான் சொல்லணும். அதுக்காகவே மெட்ராஸ் அரசு ஜான் ப்ரௌட்டன் என்ற வேதியியலாளரை 1866-ல் நீலகிரியில் பணியமர்த்தியது.

குயினைன் மூலக்கூறில் 20 கார்பன், 24 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன், 2 ஆக்ஸிஜன். மோலார் நிறை 324. நைட்ரஜன் 28 ÷ 324 = 8.6 சதவீதம்.

டூமாஸ் முறையில் 0.324 கிராம் குயினைனை எரித்து, வெளிவரும் நைட்ரஜனைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் மேல் பிடிக்கிறோம். ஊட்டியில் 15 டிகிரியில் கிடைப்பது மறுபடியும் சுமார் 31.4 மில்லிதான், ஏன்னா இதுவும் 0.001 மோல். (கரைசலின் நீராவி அழுத்தத்தையும் 1.7 என்றே எடுத்துக்கொள்வோம்.) சரியாகப் போட்டால் 0.028 கிராம், 8.6 சதவீதம். 22,400-ஆல் வகுத்தால் 0.039 கிராம், 12 சதவீதத்துக்கும் மேல். 324 மோலார் நிறையுள்ள சேர்மத்தில் 12 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 3 நைட்ரஜன் அணு! ஊரின் அழுத்தத்தை மறந்ததால் மூலக்கூறில் இல்லாத ஒரு அணு உள்ளே வந்துவிட்டது.

எடை முறையா, கன அளவு முறையா என்று முதலில் கேட்கச் சொல்வது இதனால்தான். எடைக்கு ஊர் கிடையாது, கன அளவுக்கு ஊர் உண்டு.

கடைசிக் கணக்கு: கரி அடுப்பு

மலைக்குளிரில் அறையைச் சூடாக்க, கரி அடுப்பையோ பார்பிக்யூ முடிஞ்ச தணலையோ உள்ளே வச்சுக் கதவைச் சாத்திட்டுத் தூங்குகிறவர்கள் உண்டு. காலையில் எழுந்திருக்காமல் போன செய்திகளையும் படிச்சிருப்பீங்க. "புகை இல்லையே, வெறும் தணல்தானே" என்று நினைப்பதுதான் ஆபத்து. புகை அடங்கிச் செந்தணலாக இருக்கும்போதும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். தணலுக்குள் உருவாகும் கார்பன் டை ஆக்சைடு சூடான கரியோடு மறுபடி வினைபுரிந்து மோனாக்சைடாக மாறும். நிறமும் வாசனையும் கிடையாது.

எவ்வளவு கரி போதும்? போட்டுப் பார்க்கலாம்.

அறை 3 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரம். கன அளவு 22.5 கன மீட்டர், அதாவது 22,500 லிட்டர். ஊட்டியில் 15 டிகிரியில் 22,500 ÷ 30.7 = 733 மோல் காற்று.

அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ், கார்பன் மோனாக்சைடு 10 லட்சத்தில் 1,200 பங்கைத் தொட்டாலே உயிருக்கு உடனடி ஆபத்தான அளவு என்று வரையறுக்கிறது. 733 × 0.0012 = 0.88 மோல். ஒரு மோல் மோனாக்சைடுக்கு ஒரு மோல் கார்பன் வேணும்: 0.88 × 12 = சுமார் 10.6 கிராம்.

பத்தரை கிராம் கரி! ஒரு சின்னத் துண்டு. எரியும் கரியில் பத்தில் ஒரு பங்குதான் மோனாக்சைடாக மாறுதுன்னு வச்சாலும் 106 கிராம்தான் ஆகுது. ஒரு கரி அடுப்பில் கிலோ கணக்கில் கரி இருக்கும்.

மலையில் இன்னொரு பாதகமும் இருக்கு. காற்றில் ஆக்ஸிஜன் எங்கேயும் 21 சதவீதம்தான். ஆனால் அதன் பகுதி அழுத்தம் சமவெளியில் 21.3 கிலோபாஸ்கல், ஊட்டியில் 0.21 × 78 = 16.4. ரத்தத்தின் ஹீமோகுளோபினில் இடம் பிடிக்க ஆக்ஸிஜனைவிட மோனாக்சைடுக்கு 200 மடங்குக்கு மேல் ஈர்ப்பு உண்டு. அந்தப் போட்டியில் ஆக்ஸிஜன் ஏற்கனவே பலம் குறைஞ்சுதான் மலையில் நிற்குது.

உண்மையான அறையில் கதவிடுக்கு வழியா காற்று வந்துபோகும், அதனால் அளவு கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். எப்படிப் பார்த்தாலும் கரி அடுப்பை நம்பி மூடின அறையில் தூங்கக் கூடாது என்பதில் மாற்றம் இல்லை. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வச்சா போதும் என்பதும் உத்தரவாதம் இல்லை. காற்றோட்டம் இல்லாத குளியலறையில் கேஸ் கீஸர் ஓடும்போதும் இதே கதைதான், அங்கே கரிக்குப் பதில் புரோப்பேனும் பியூட்டேனும் ஆக்ஸிஜன் போதாமல் அரைகுறையா எரியும். ஒரே அறையில் இருக்கும் பல பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, மயக்கம், வாந்தி வந்தால் அது சாப்பாட்டுக் கோளாறு என்று உட்காராதீங்க. எல்லாரையும் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவாங்க, 108-க்கு அழைங்க. அடுத்த டூர் கிளம்புறதுக்கு முன்னாடி இந்தப் பத்தரை கிராம் கணக்கை கிளாஸ் குரூப்பில் போடுங்க.

எப்படிப் பயிற்சி செய்வது?

மேலே போட்ட ஏழு கணக்கிலும் செஞ்ச வேலை ஒன்றுதான். அதைப் பழக்கமாக்க நாலு விஷயம்.

ஒன்று, ஃபார்முலாவைத் தொடுவதற்கு முன் நிபந்தனையை ஒரு வரியில் எழுதுங்க: வெப்பநிலை கெல்வினில், அழுத்தம் எந்த ஊருடையது, வாயு உலர்ந்ததா ஈரமானதா. 'எஸ்டிபி' என்று கொடுத்திருந்தால் மட்டும் 22.4 அல்லது 22.7, அதிலும் எது என்று வினாவில் பாருங்க.

இரண்டு, விடை எந்தப் பக்கம் போகும் என்று முதல்லயே சொல்லிடுங்க. அழுத்தம் குறைஞ்சா கன அளவு கூடணும். குளிர்ந்தா குறையணும். போட்ட விடை எதிர்ப்பக்கம் போனால் எங்கேயோ பின்னத்தைத் தலைகீழா போட்டிருக்கீங்க.

மூன்று, வாய்ப்பாடு கிடைச்சதும் ஹைட்ரஜன் பற்றாக்குறையைக் கணக்கிட்டு அது முழு எண்ணா என்று பாருங்க. 10 கார்பன், 17 ஹைட்ரஜன், 1 ஆக்ஸிஜன் என்று வந்தால் பற்றாக்குறை இரண்டரை. அப்படி ஒரு நிலையான மூலக்கூறு இருக்க முடியாது, மேலே எங்கேயோ தப்பு.

நான்கு, கணக்கை நீங்களே தயாரிங்க. தெரிஞ்ச ஒரு சேர்மத்தை எடுத்து, அதை எரிச்சால் என்ன வரும், எத்தனை மில்லி வாயு தரும் என்று பின்னாலிருந்து போட்டு, பெயரைச் சொல்லாமல் நண்பரிடம் கொடுங்க. பத்து கணக்கு போடுவதில் வராத தெளிவு ஒரு கணக்கு தயாரிப்பதில் வரும்.

நீங்களே போட்டுப் பாருங்க

1. குன்னூரில் 20 டிகிரியில் ஒரு மோல் வாயுவின் கன அளவு என்ன?

2. 14.2 கிலோ சிலிண்டரில் இருப்பது முழுக்க பியூட்டேன் (மோலார் நிறை 58) என்று வைத்துக்கொண்டால், ஊட்டியில் 15 டிகிரியில் அது எத்தனை லிட்டர் வாயு? ஒரு லிட்டர் பியூட்டேன் எரிய எத்தனை லிட்டர் காற்று வேண்டும்?

3. ஊட்டிக் கடைகளில் விற்கும் விண்டர்கிரீன் தைலத்தின் முக்கியச் சேர்மத்தில் 1.52 கிராம் எரித்தால் 3.52 கிராம் கார்பன் டை ஆக்சைடும் 0.72 கிராம் தண்ணீரும் கிடைக்கும். மோலார் நிறை 152. வாய்ப்பாடு என்ன? ஹைட்ரஜன் பற்றாக்குறை எத்தனை?

4. தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர். அங்கே ஆக்ஸிஜனின் பகுதி அழுத்தம் என்ன?

விடைகள்: (1) 29.9 லிட்டர். (2) சுமார் 7,500 லிட்டர். ஒரு லிட்டருக்கு 6.5 லிட்டர் ஆக்ஸிஜன், அதாவது 31 லிட்டர் காற்று. இரண்டும் ஒரே நிலையில் இருப்பதால் இந்த விகிதம் எந்த ஊரிலும் மாறாது. (3) 8 கார்பன், 8 ஹைட்ரஜன், 3 ஆக்ஸிஜன், அதாவது மெத்தில் சாலிசிலேட். பற்றாக்குறை 5: பென்சீன் வளையத்துக்கு 4, எஸ்டரின் இரட்டைப் பிணைப்புக்கு 1. (4) அழுத்தம் சுமார் 74.3, ஆக்ஸிஜன் 15.6 கிலோபாஸ்கல்.

நாலும் சரியா வந்தவங்க, உங்க ஊரோட உயரத்தைத் தேடிப் பார்த்து, உங்க ஊரின் '22.4' என்னன்னு போட்டு வைங்க. கெமிஸ்ட்ரி நோட்டோட முதல் பக்கத்தில் எழுத வேண்டிய எண் அதுதான்.